கறுப்பு அட்டை, இருநூறு

எட்டாயிரத்து அறுநூற்று நாற்பது. வாய்தா என்கிறவன் தராசு என்கிறவருக்குத் தர வேண்டிய பாக்கி அவ்வளவு. ஐயாயிரம் ஒரு தடவை வாங்கியது, மூவாயிரம் இன்னொரு தடவை. மிச்சம் அறுநூற்று நாற்பது ஒரு ஜோடி பூட்ஸுக்கு. பூட்ஸ் இல்லாமல் சரக்குக் கொட்டகைக்குள் காலை வைத்தால் அரைநாள் கூலியைப் பிடித்துக்கொள்வார்கள் என்று அழாத குறையாகக் கேட்டதால் கொடுத்தது. அந்த பூட்ஸும் அடி தேய்ந்து ஆணி தெரிந்துவிட்டது. கடன் மட்டும் வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரியே புதுசாக இருந்தது.

இரண்டு பேருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. விமான நிலையத்தின் பின்பக்கத்தில் இருந்த அந்தச் சரக்குக் கொட்டகையில் அதைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. மூட்டையைக் கையால் ஒரு அசைப்பு அசைத்துப் பார்த்தே இத்தனை கிலோ என்று சொல்லிவிடுவதால் மூத்தவர் தராசு. காசைக் கேட்கும்போதெல்லாம் அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று தவணை சொல்வதால் இளையவன் வாய்தா. அவனுக்கு அதில் கோபமே கிடையாது. "கோர்ட்டுலயே வாய்தா கொடுக்கறாங்க, நீ பெரிய ஆளாண்ணே?" என்று சிரிப்பான்.

தராசு வீட்டில் அந்தப் பணத்துக்குப் பெயர் பல். அவர் மனைவிக்கு முன்பல் நாலும் போய்விட்டது. பல் கட்ட ஒன்பதாயிரம் ஆகும் என்று பல் வைத்தியர் சொல்லியிருந்தார். சேர்த்து வைத்ததில் இருந்துதான் தராசு எடுத்துக் கொடுத்திருந்தார், அவளைக் கேட்காமல். வேலை முடிந்து அவர் படியேறி வந்தால் மனைவி கையால் வாயை மறைத்துக்கொண்டு கேட்பாள்: "என் பல்லு வந்துச்சா? இல்ல இன்னும் அவன் கால்லதான் நடந்துக்கிட்டிருக்கா?"

தராசு கணக்குச் சீட்டை எடுத்துக் காட்டுவார். நாற்பத்தாறு வயதில் சங்கத்து வகுப்பில் உட்கார்ந்து எழுத்துப் படித்தவர் அவர். சரக்கில் கட்டும் அட்டைச் சீட்டின் பின்பக்கத்தில் ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிறுத்தி எழுதுவார். தனக்கு ஒன்று, வாங்கியவனுக்கு ஒன்று. எழுதி வைத்தது எங்கே போய்விடும் என்பது அவர் நம்பிக்கை.

அந்தக் கொட்டகைக்கு வராத பொருள் உலகத்தில் இல்லை. காலையில் ஏதோ ஒரு கண்டத்தில் பறித்த பூ மத்தியானம் இங்கே இறங்கும். மருந்து, மீன், மோட்டார் சாமான், பிள்ளைகள் பொம்மை, யாரோ ஒருவரின் சவப்பெட்டி, எல்லாம் ஒரே தள்ளுவண்டியில் போகும். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் ஊர்ப் பெயரைத் தராசு எழுத்துக்கூட்டிப் படிக்கப் பார்ப்பார். பாதி ஊர் வாயில் நுழையாது. ஆனால் அந்த ஊர் மண் அவர் கைரேகையில் நுழைந்துவிடும்.

அப்படித்தான் ஒரு திங்கட்கிழமை ஆட்டுத்தோல் மூட்டைகள் வந்தன. பதப்படுத்தாத தோல், காய்ந்து முறுகிப் போனது. ஒரு மூட்டையின் கட்டு அறுந்து தோல் சரிந்தது, சாம்பல் மாதிரி தூசு எழும்பியது. சூப்பர்வைசர் வாய்தாவைக் கூப்பிட்டுப் பெருக்கச் சொன்னார்.

"மாஸ்க் ஒண்ணு கொடுங்க சார். நாத்தம் குடலைப் பிடுங்குது."

"மாஸ்க் இல்லைடா."

"ஸ்டோர்ல நாப்பது பெட்டி இருக்கே, நாங்கதானே இறக்கினோம்?"

"அது வெள்ளிக்கிழமை ஒத்திகைக்கு. சீல் வெச்சிருக்கு. ஒண்ணு குறைஞ்சாலும் என் சீட்டு கிழிஞ்சிடும். துண்டைக் கட்டிக்கிட்டுப் பெருக்கு."

வாய்தா துண்டைக் கட்டிக்கொண்டு பெருக்கினான். துண்டு நழுவ நழுவ ஏற்றி விட்டுக்கொண்டான். அள்ளிக் கொட்டிவிட்டு வந்து மூக்கைச் சிந்தினான், கறுப்பாக வந்தது. "இன்னைக்கு ரெண்டு வேளைச் சாப்பாடு இங்கேயே முடிஞ்சுதுண்ணே," என்றான். அதற்கும் எல்லாரும் சிரித்தார்கள்.

வெள்ளிக்கிழமை ஒத்திகை. யாராவது வேண்டுமென்றே நோய்க்கிருமியைப் பொடியாக்கிச் சரக்கோடு சரக்காக அனுப்பிவிட்டால் என்ன செய்வது என்று பழகிப் பார்க்கிற ஒத்திகை. மூன்று மாதமாக அதே பேச்சு. வெள்ளை உடை போட்டவர்கள் வந்து கூடாரம் அடித்தார்கள், தண்ணீர்க் குழாய் இழுத்தார்கள். சுமைக்காரர்களில் அறுபது பேர் நோயாளியாக நடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு நாள் கூலி.

ஒலிபெருக்கி பிடித்த அதிகாரியம்மா காலை ஒன்பது மணிக்கே மேடை போட்டு விளக்கினார். "கழுத்துல ஒரு கார்டு மாட்டுவோம். பச்சை கார்டு, நடக்க முடிஞ்சவங்க. மஞ்சள், கொஞ்சம் காத்திருக்கலாம். சிவப்பு, உடனே தூக்கணும், டாக்டர் பார்க்கணும். கறுப்பு, இறந்தாச்சு. ஓரமாப் படுக்க வெச்சுத் துணி போர்த்திடுவாங்க. மூணு மணிக்கு விசில் அடிக்கிற வரைக்கும் அசையக் கூடாது. யாரும் உங்களைத் தொட மாட்டாங்க, பேச மாட்டாங்க."

"செத்தவனுக்கும் டபுள் கூலியா மேடம்?" என்று பின்னால் இருந்து ஒரு குரல்.

"ஆமா."

"உயிரோட இருக்கறப்ப மூணு வருஷமாக் கேக்கறோமே!"

கொட்டகையே சிரித்தது. அதிகாரியம்மாவும் சிரித்தார். சிரித்துவிட்டு, "ஒரே விஷயம். கார்டை மாத்திக்கக் கூடாது. மாத்தினா ரெண்டு பேருக்கும் கூலி கிடையாது," என்றார்.

கறுப்பு அட்டைக்குத்தான் எல்லாருக்கும் ஆசை. ஐந்து மணி நேரம் துணிக்கடியில் தூங்கலாம், கூலியும் வரும். பன்னிரண்டே அட்டை. தராசுக்கு ஒன்று விழுந்தது. முப்பது வருஷமாக மூட்டை சுமந்து இடுப்பு விட்டுப்போனவருக்கு அதைவிட என்ன வேண்டும்? "உனக்கு நேரம்யா, செத்துப் பிழைச்சிட்டே," என்று முதுகில் தட்டினார்கள். வாய்தாவுக்குச் சிவப்பு.

தள்ளுவண்டிகளை அடுக்கி வைத்திருந்த மறைவுக்கு வாய்தா அவரைக் கூப்பிட்டான். முகம் வெளுத்து, கண் உள்ளே போயிருந்தது. இரண்டு நாளாகக் காய்ச்சல் என்று தெரியும். லீவு போட்டால் ஒத்திகைக் கூலி போகும் என்று வந்திருந்தான்.

"அண்ணே, கார்டை மாத்திக்கலாம்ணே."

"போடா. என் இடுப்புக்கு ஆண்டவன் பார்த்துக் கொடுத்தது."

"நெஞ்சுல கல்லை வெச்ச மாதிரி இருக்குண்ணே. சிவப்புன்னா தூக்கிட்டு ஓடுவாங்க, தண்ணி அடிப்பாங்க, அதைப் பண்ணு இதைப் பண்ணும்பாங்க. கொஞ்ச நேரம் படுத்தாப் போதும். சரியாயிடும்."

"காய்ச்சல்னா வீட்டுக்குப் போயேன்."

"போனா டபுள் கூலி? அதை உங்கிட்டதானே தரப் போறேன். அண்ணி பல்லுக்கு." பல்லைக் காட்டப் பார்த்தான், இருமல்தான் வந்தது. "சும்மா வேண்டாம். இருநூறு சேத்து எழுதிக்கோ."

தராசு யோசித்தார். இடுப்பு ஒரு பக்கம், இருநூறு ஒரு பக்கம். அவன் முகத்தைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது. பாவத்துக்கு மாற்றினாரா, இருநூறுக்கு மாற்றினாரா என்று பிற்பாடு அவர் தன்னையே ஆயிரம் தடவை கேட்டுக்கொண்டார். சீட்டை எடுத்தது என்னவோ உண்மை.

"உன் சீட்டையும் எடு. ரெண்டுலயும் எழுதணும்."

"அப்புறம் எழுதேண்ணே. நிக்க முடியலை."

"எழுதாதது கணக்குல சேராது."

வாய்தா வண்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். தராசு முட்டியில் சீட்டை வைத்து எழுதினார். கார்டு என்ற சொல்லில் ர் முதலா டு முதலா என்று ஒரு நிமிஷம் நின்றுபோனார். இருநூறை எழுத்தாலும் எண்ணாலும் போட்டார். இரண்டு சீட்டிலும். அதுவரைக்கும் அவன் நின்றான்.

மொத்தம் எட்டாயிரத்து எண்ணூற்று நாற்பது.

பத்து மணிக்குச் சங்கு ஊதினார்கள். கறுப்பு அட்டைக்காரர்கள் சுவரோரம் வரிசையாகப் படுத்தார்கள், வாய்தா கடைசியில். சிவப்பு அட்டையோடு தராசு தரையில் விழுந்து முனகினார். முனகலும் அவருக்குச் சரியாக வரவில்லை. வெள்ளை உடைக்காரர்கள் நாலு பேர் அவரைத் தூக்கினார்கள். வாழ்நாளெல்லாம் சரக்கைத் தூக்கியவரை மற்றவர்கள் தூக்கினது அதுதான் முதல் தடவை. உடுப்போடு தண்ணீர் அடித்தார்கள். துடைத்தார்கள். புதுப் போர்வை போர்த்திக் கூடாரத்துக்குள் கொண்டுபோனார்கள்.

உள்ளே ஒரு சின்ன வயது டாக்டரம்மா. ஒத்திகை என்றாலும் கருவிகள் எல்லாம் நிஜம். கைப்பட்டை கட்டிக் காற்றடித்தார், விரலில் ஏதோ மாட்டினார்.

"ஐயா, உங்களுக்கு நிஜமாவே பிரஷர் இருக்கு. தெரியுமா?"

"தெரியாதும்மா."

"பார்த்துக்குங்க. சரி, உங்களுக்கு என்ன நோய்னு கார்டுல இருக்கும். அதைப் படிக்கறேன், நீங்க அப்படியே நடிக்கணும்." அட்டையைத் திருப்பி வாசித்தார். "ரெண்டு நாளாக் காய்ச்சல். வறட்டு இருமல். நெஞ்சுல பாரம் அழுத்தற மாதிரி. மூச்சு வாங்குது. இந்த நிலைமையில மருந்து ஏத்தினா பிழைக்கலாம், நேரம் போனா முடியாது. நெஞ்சைப் பிடிச்சுக்குங்க ஐயா."

தராசு நெஞ்சைப் பிடிக்கவில்லை. அட்டையையே பார்த்தார். வாய்தா காலையில் தள்ளுவண்டி மறைவில் சொன்னதை யாரோ ஒட்டுக்கேட்டு எழுதிய மாதிரி இருந்தது.

"டாக்டரம்மா, இதே மாதிரி எங்காளு ஒருத்தனுக்கு இருக்கு. நிஜமாவே."

"எங்க இருக்கார்?"

"செத்தவங்க வரிசையில."

டாக்டரம்மா சிரித்தார். "நல்லா நடிக்கிறீங்களே."

"இல்லம்மா. நிஜமாத்தான்."

அவர் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "காய்ச்சல்காரரை யாரு கறுப்பு கார்டுல போட்டது? அவர் கார்டு நம்பர் சொல்லுங்க, விசாரிக்கச் சொல்றேன்."

நம்பர். நம்பரைச் சொன்னால் பெயர்ப்பட்டியலில் பார்ப்பார்கள். மாற்றியது தெரியும். இரண்டு பேருக்கும் சேர்த்து நாலு நாள் கூலி போகும். அவன் கூலியும் இவருக்குத்தான் வரவேண்டியது. படுத்தால் சரியாகிவிடும் என்று அவனே சொன்னானே. படுத்துத்தானே இருக்கிறான்?

"நம்பர் தெரியலைம்மா," என்றார். "நானே ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வரட்டுமா?"

கூடாரத்து வாசலில் அட்டையும் பேனாவுமாக நின்ற கண்காணிப்பாளர் கையை நீட்டி மறித்தார். "நீங்க சிவப்பு. நடக்க முடியாத நோயாளி. எழுந்து நடந்தா எங்க கணக்கு கெட்டுப்போகும். படுங்க, படுங்க."

தராசு படுத்தார். அது மெத்தைக் கட்டில். இடுப்புக்கு இதமாக இருந்தது. குளுக்கோஸ் கலந்த தண்ணீர் கொடுத்தார்கள், ஒரு பொட்டலம் சாப்பாடு கொடுத்தார்கள். சாப்பிட்டார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பன்னிரண்டு, ஒன்று, இரண்டு. இனி ஒரு மணி நேரம்தானே என்று இரண்டு மணிக்கு நினைத்தார். அந்த நினைப்பை அவரால் பிறகு எதைக் கொண்டும் துடைக்க முடியவில்லை.

மூன்று மணிக்கு விசில். செத்தவர்கள் துணியை உதறிக்கொண்டு எழுந்தார்கள். கொட்டாவி விட்டார்கள், ஒருவன் சோம்பல் முறித்தான். பதினொரு பேர். பன்னிரண்டாவது துணி அப்படியே கிடந்தது.

"டேய் வாய்தா, சாகறதுக்குக் கூடவா வாய்தா வாங்குவே? எழுந்திருடா, கூலி முடிஞ்சுது," என்று காலால் தட்டினான் பக்கத்தில் படுத்திருந்தவன். துணியை இழுத்தான். இழுத்தவன் அப்படியே பின்னால் உட்கார்ந்துவிட்டான். வாய்தாவின் உதடு நீலமாக இருந்தது. மூச்சு வந்தது, ஆனால் கிணற்றுக்குள் வாளி இடிக்கிற மாதிரி எங்கேயோ வந்தது. ஓடி வந்த தராசு அவனைத் தூக்கினார். கை பழக்கத்தில் எடை சொல்லிற்று: ஐம்பத்தெட்டு.

அசையக் கூடாது என்றார்கள். அவன் அசையவில்லை. ரொம்ப நேரம் இருமியதாகவும், நடிப்பைக் கெடுக்கிறானே என்று தான் ஒரு தடவை அதட்டியதாகவும் பக்கத்தில் படுத்திருந்தவன் சொல்லிச் சொல்லி அழுதான்.

மறுநாள் மத்தியானத்துக்குள் ஆஸ்பத்திரியில் அவன் மூச்சு முடிந்துவிட்டது.

ரத்தத்தைச் சோதித்தார்கள். ஒத்திகைக்காக அவர்கள் அட்டையில் எழுதி வைத்திருந்த அதே நோயின் கிருமி. அதற்குப் பிறகு வந்த வெள்ளை உடைக்காரர்கள் ஒலிபெருக்கி கொண்டுவரவில்லை. எந்த நாட்டுக்காரன் அனுப்பினான், அந்நியர் யாராவது வந்தார்களா, சரக்கைப் பற்றி யாராவது விசாரித்தார்களா என்று மூன்று நாள் ஒவ்வொருவராக உட்கார வைத்துக் கேட்டார்கள். கடைசியில் ஆட்டுத்தோலில் போய் நின்றது. யாரும் அனுப்பவில்லை. யாருக்கும் யார் மேலும் கோபமில்லை. எங்கேயோ ஒரு ஆடு நோயில் செத்தது, அதன் தோலை யாரோ விற்றார்கள், யாரோ வாங்கினார்கள், அவ்வளவுதான். மாஸ்க் பெட்டிகள் நாற்பதும் எண்ணிக்கை சரியாக இருந்தன.

கொட்டகையைப் பூட்டி எல்லாருக்கும் அறுபது நாள் மாத்திரை கொடுத்தார்கள். ஒருவரிடம் இருந்து ஒருவருக்கு ஒட்டாத நோய் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். நோட்டீஸை யார் படித்தார்கள்? தராசு டீக்கடைக்குப் போனால் அவருக்கு மட்டும் காகிதக் கோப்பையில் கொடுத்தார்கள்.

மாத்திரை கொடுத்தது அதே டாக்டரம்மா. தராசின் முறை வந்தபோது பட்டையில் இருந்து மாத்திரையை எண்ணி வைத்துவிட்டுத் தலை நிமிராமல் கேட்டார்: "அன்னைக்குச் சொன்னீங்களே ஒருத்தர், அவரா?"

"ஆமாம்மா."

"பதினோரு மணிக்கு என் கையில கிடைச்சிருந்தா," என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. "நானும் ஒரு எட்டு போய்ப் பார்த்திருக்கணும்," என்றார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இருபதாவது நாள் வாய்தாவின் மனைவி வந்தாள். ஒரு ஓட்டல் சலவைக்கூடத்தில் துணி தேய்க்கிறவள். கையெல்லாம் சுட்ட தழும்பு. தராசின் மனைவி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். வந்தவள் உட்காரவில்லை.

"கம்பெனியில கொஞ்சம் பணம் கொடுத்தாங்கண்ணே. உங்க கணக்குச் சீட்டு அவர் பர்ஸ்ல இருந்துச்சு. எட்டாயிரத்து எண்ணூத்தி நாப்பது. எண்ணிக்குங்க."

"வேண்டாம்மா," என்றார் தராசு. "அதை நான் அன்னைக்கே விட்டுட்டேன். சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டேன்."

"நீங்க கிழிச்சிட்டீங்க. ஊரு வாயை யாரு கிழிக்கறது? வாய்தா பொண்டாட்டின்னுதான் இன்னும் கூப்பிடறாங்க. உயிரோட இருந்தப்பதான் வாய்தா, செத்த பின்னாலயுமா அவர் வாய்தாவா இருக்கணும்?" குரல் உடையாமல் பேசினாள். "ஒரே ஒரு வரிதான் எனக்குப் புரியலை. பூட்ஸ் தெரியும். கார்டு இருநூறுன்னு போட்டிருக்கே, அன்னைக்குத் தேதியில. ஃபோன் கார்டாண்ணே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளே எடுத்துக் கொடுத்துவிட்டாள். தராசு வாயைத் திறந்தார். அந்த ஆமாம் வரவில்லை.

"இல்லம்மா. ஒத்திகை கார்டு," என்றார். ஆரம்பித்த பிறகு நிறுத்தத் தெரியவில்லை. தள்ளுவண்டி மறைவு, சிவப்பு, கறுப்பு, கூடாரம், நம்பர் கேட்டது, தெரியாது என்றது, எல்லாவற்றையும் சொன்னார். சமையல்கட்டு வாசலில் அவர் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு நின்றாள்.

வாய்தாவின் மனைவி கேட்டாள்: "சிவப்புன்னா முதல்ல தூக்குவாங்களா?"

"ஆமா."

"டாக்டர் பார்ப்பாங்களா?"

"பார்த்தாங்க. என்னைப் பார்த்தாங்க."

"உங்களுக்கு என்னன்னு சொன்னாங்க?"

"பிரஷர்னாங்க."

அவள் தலையை ஆட்டினாள். சுவரைப் பார்த்தாள். "நிக்க முடியலைன்னு சொன்னாரா?"

"சொன்னான்மா."

"அப்பவும் எழுதினீங்க."

தராசின் மனைவி உள்ளே இருந்து, "அந்தக் காசு நமக்கு வேண்டாம், திருப்பிக் கொடுங்க," என்றாள், அடிக்குரலில். தராசு மேசையில் இருந்த பணத்தை வாய்தாவின் மனைவி பக்கம் தள்ளினார். அவள் அதை மறுபடி அவர் பக்கம் தள்ளினாள். இருநூறை மட்டும் பிரித்துத் தனியாக வைத்தாள்.

"அவர் கேட்டு வாங்கினது. வாங்கினதுக்கு விலை கொடுத்தாச்சு. நீங்க மனசு வந்து கடனை விட்டதா இருக்க வேண்டாம்." சீட்டைத் திருப்பி மேசையில் வைத்தாள். "எழுதிக் கொடுங்க."

பேனாவைத் தேடி எடுக்க நேரமானது. அவள் நின்றுகொண்டே இருந்தாள். உட்காரும்மா என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கடன் முழுதும் பெற்றுக்கொண்டேன் என்று எழுதினார். 'ற்'றில் பேனா நின்றது, மறுபடி போட்டார்.

"கார்டுக்கும் தனியா எழுதுங்க."

எழுதினார். கறுப்பு அட்டை, இருநூறு, பெற்றுக்கொண்டேன். எழுத்தாலும் எண்ணாலும்.

அவள் சீட்டை வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். பிறகு திருப்பி வைத்தாள்.

"தேதி போடலை," என்றாள்.

தேதியும் போட்டார்.